துரு ஏறிய கண்ணாடி: பாரசீக சூஃபி இலக்கியமும் உள்ளத்தூய்மையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாரசீகக் கவிஞர்களான அத்தார், ரூமி, சஅதி, ஹாஃபிஸ் என்று பேச்செடுத்தாலே நண்பர்களிடமிருந்து கேள்விகள் வரிசை கட்டி வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மார்க்கத் தீர்ப்பு வேண்டும் என்றால் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் போங்கள். இது வெறும் இலக்கிய வாசகனின் பதில்.

'தஸ்கியா' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

தூய்மைப்படுத்துதல். ஆனால் அந்த அரபு வேர்ச்சொல்லுக்கு 'வளர்தல்' என்றும் ஒரு பொருள் உண்டு. 'ஜகாத்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். செல்வத்தில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுத்தால் மீதி தூய்மையாகிறது, வளரவும் செய்கிறது என்பது கணக்கு. களை பறித்த வயலை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். குர்ஆனின் 91-ஆவது அத்தியாயத்தில், தன் ஆத்மாவைத் தூய்மைப்படுத்தியவர் வெற்றி பெற்றார் என்று வரும் வசனம்தான் இந்த இலக்கியம் முழுவதற்கும் விதை.

நஃப்ஸ் என்பது மனமா, ஆன்மாவா, அகந்தையா?

மூன்றும்தான், இடத்தைப் பொறுத்து. குர்ஆனிலேயே அதற்கு மூன்று முகங்கள் இருக்கின்றன. தீமையைத் தூண்டும் நஃப்ஸ் (12-ஆவது அத்தியாயம், யூசுஃப் நபி கதையில்), தன்னைத் தானே கடிந்துகொள்ளும் நஃப்ஸ் (75-ஆவது அத்தியாயம்), அமைதி அடைந்த நஃப்ஸ் (89-ஆவது அத்தியாயம்). பின்னால் வந்த சூஃபிகள் (இஸ்லாமிய ஞானிகள்) இவற்றைப் படிகளாக அடுக்கினார்கள். சிலர் ஏழு படி வரை கொண்டுபோனார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ரூமி சொல்லும் ஒரு கதை போதும்.

பாம்பாட்டி ஒருவன் மலைக்குப் போகிறான். பனியில் பெரிய டிராகன் ஒன்று செத்துக் கிடக்கிறது. கூட்டம் சேர்த்துக் காசு பார்க்கலாம் என்று அதைக் கயிற்றால் கட்டி பாக்தாதுக்கு இழுத்து வருகிறான். தஜ்லா (டைக்ரிஸ்) ஆற்றங்கரையில் ஜனம் முண்டியடிக்கிறது. "நானே கொன்றேன்" என்று அவன் பெருமை அடித்துக்கொண்டிருக்கும்போது இராக்கின் வெயில் ஏறுகிறது. அது செத்திருக்கவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது. அசைகிறது, கட்டை அறுக்கிறது. ஓடும் கூட்டத்தில் மிதிபட்டே பலர் சாகிறார்கள். பாம்பாட்டியை அது ஒரே வாயில் விழுங்குகிறது.

"உன் நஃப்ஸும் டிராகன்தான், அது எங்கே செத்தது? வசதி கிடைக்காமல் விறைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்" என்கிறார் ரூமி. கையில் காசும் பதவியும் இல்லாத காலத்தில் நாம் எல்லோரும் உத்தமர்களாகத்தான் இருந்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால் கதை இன்னும் கொஞ்சம் கடிக்கும்.

எதற்கெடுத்தாலும் கண்ணாடி, துரு என்கிறார்களே? கண்ணாடி எங்காவது துருப்பிடிக்குமா?

அந்தக் காலத்துக் கண்ணாடி பிடிக்கும். அது உலோகத் தகடு. இரும்பையோ வெண்கலத்தையோ தேய்த்துத் தேய்த்துத்தான் முகம் பார்த்தார்கள். நம் பக்கத்தில் கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. நான்கு நாள் விட்டால் மங்கிவிடும் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம். பளபளப்பு வெளியிலிருந்து வருவதில்லை, விளக்குக்குள்ளேயே இருக்கிறது. புளி செய்வதெல்லாம் மேலே படிந்ததை எடுப்பது மட்டும்தான்.

குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்தில், அவர்கள் செய்தவை அவர்கள் இதயங்களில் துருவாகப் படிந்துவிட்டன என்று வருகிறது. அங்கிருந்து கிளம்பிய உவமை இது. இதை வைத்து எழுதப்பட்டவற்றில் ஆகச் சிறந்தது, என் பார்வையில், ரூமியின் பெருங்காவியமான மஸ்னவியின் முதல் புத்தகத்தில் வரும் ஓவியப் போட்டி.

சீன ஓவியர்களுக்கும் ரோம ஓவியர்களுக்கும் (ரூமி 'ரோம்' என்பது பைசாந்தியத்தை) யார் பெரியவர் என்று சுல்தான் முன்னால் வழக்கு. எதிரெதிரே வாசல் வைத்த இரண்டு அறைகள் கொடுக்கப்படுகின்றன. சீனர்கள் நூறு வண்ணம் கேட்கிறார்கள். அரசர் கஜானாவைத் திறந்துவிடுகிறார். ரோமர்கள், "எங்களுக்கு வண்ணமே வேண்டாம், துருவை எடுத்தால் போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு சுவரைத் தேய்க்கிறார்கள். சீனர்கள் முடித்ததும் மேளம் கொட்டுகிறார்கள். சுல்தான் வந்து பார்த்து அசந்துபோகிறார். பிறகு ரோமர்கள் திரையை விலக்குகிறார்கள். எதிர்ச்சுவர் ஓவியம் அத்தனையும் இந்தச் சுவரில் விழுகிறது, அசலைவிட அழகாக.

ஒரு வேடிக்கை: ரூமிக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் இமாம் கஸ்ஸாலி இதே கதையைச் சொல்லியிருக்கிறார். அதில் வரைபவர்கள் ரோமர்கள், தேய்ப்பவர்கள் சீனர்கள்! ரூமி வாழ்ந்த கொன்யா பழைய ரோம மண்ணில் இருந்தது. 'ரூமி' என்ற பெயரே அதனால் வந்தது. ஊர்ப்பாசத்தில் மாற்றினாரோ என்று நானாகச் சிரித்துக்கொள்வேன்.

சரி, தேய்க்க வேண்டிய அழுக்கு என்ன? பாவங்களா?

பாவங்கள் மட்டும் இல்லை. கஸ்ஸாலியிடம் போனால் பட்டியலே கிடைக்கும். தூஸ் நகரத்தில் 1058-ல் பிறந்து, பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பெரிய பேராசிரியராக இருந்தவர். 1095-ல் வகுப்பில் பேச வாய் எழவில்லை, சோறு இறங்கவில்லை. புகழுக்காகத்தான் பாடம் நடத்துகிறோம் என்ற உறுத்தல். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். பிறகு அரபியில் நாற்பது பாகம் கொண்ட 'இஹ்யா'வையும், அதன் சாரத்தைச் சாதாரணப் பாரசீக வாசகருக்காக 'கீமியாயே சஆதத்' (இன்பத்தின் ரசவாதம்) என்ற நூலாகவும் எழுதினார்.

பேராசை, கோபம், பொறாமை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் பக்கம் பக்கமாகத் துருவுவது வேறு இரண்டை. ஒன்று 'ரியா', பிறர் பார்க்கச் செய்யும் பக்தி. இன்னொன்று 'உஜ்ப்', தன்னைப் பார்த்துத் தானே வியப்பது. முன்னதைக்கூட அடுத்தவர் கண்டுபிடித்துவிடுவார். பின்னது உள்ளேயே ஓடும்.

இஹ்யாவில் ஓர் உவமை வரும். இதயம் ஒரு குளம். ஐம்புலன்கள் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்கள். சுத்தமான தண்ணீர் வேண்டும் என்றால் வாய்க்கால்களை அடைத்துவிட்டுக் குளத்தின் அடியைத் தோண்டு, ஊற்று கீழே இருக்கிறது என்கிறார். தூர் வாருவது எப்படி என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

தொழுகையும் நோன்பும் ஒழுங்காக இருந்தால் போதாதா?

அவை வேண்டாம் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. அவற்றிலும் அழுக்கு சேரும் என்கிறார்கள். சஅதி 1258-ல் எழுதிய குலிஸ்தானில் ஒரு சின்ன நினைவு இருக்கிறது. சிறுவயதில் அவருக்கு வணக்கத்தில் அதிகப் பற்று. ஓர் இரவு தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டு கண் மூடாமல் விழித்திருக்கிறார். சுற்றிலும் ஒரு கூட்டம் தூங்குகிறது. "இவர்களில் ஒருத்தராவது எழுந்து இரண்டு ரக்அத் தொழுகிறாரா பாருங்கள், செத்த பிணம் மாதிரி கிடக்கிறார்கள்" என்கிறான் பையன். அப்பா சொல்கிறார்: "கண்ணே, ஊராரைப் புறம் பேசுவதற்குப் பதில் நீயும் தூங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

எனக்கு இந்த இலக்கியத்தின் மேல் பிடிப்பு வந்ததே இந்த இடத்தில்தான். பாவியைத் திட்டும் நூல்கள் எல்லா மொழியிலும் கிடைக்கும். இரவெல்லாம் விழித்துத் தொழுபவனின் உள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பவை குறைவு.

நல்ல காரியத்தின் நடுவில் எண்ணம் கெட்டுப்போனால் என்ன செய்வது?

நிறுத்திவிட வேண்டும் என்று மஸ்னவியில் ஒரு பதில் இருக்கிறது. போர்க்களத்தில் நபிகளின் மருமகனான அலீ ஒரு வீரனை வீழ்த்தி வாளை ஓங்குகிறார். அவன் அவர் முகத்தில் காறித் துப்புகிறான். அந்தக் கணமே அலீ வாளைக் கீழே எறிந்துவிடுகிறார். கொல்லப்பட வேண்டியவனுக்கே தலை சுற்றுகிறது. ஏன் விட்டாய் என்று அவனே கேட்கிறான். "நான் வாள் வீசுவது இறைவனுக்காக. நீ துப்பியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி அவனுக்காக, பாதி எனக்காக என்று ஆகிவிட்டது. அவன் காரியத்தில் பங்கு கிடையாது" என்கிறார்.

அத்தாரின் பறவைகள் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முயல்கிறேன். அத்தார் நிஷாபூரில் மருந்துக் கடை வைத்திருந்தவர், 12-ஆம் நூற்றாண்டு. 'மன்திக்குத் தைர்' நாலாயிரத்து ஐந்நூறு ஈரடிகளுக்கு மேல் ஓடும் காவியம். உலகத்துப் பறவைகள் கூடி, நமக்கு ஓர் அரசன் வேண்டும் என்கின்றன. கொண்டலாத்தி (சுலைமான் நபியின் தூதுப் பறவையான ஹுத்ஹுத்) தலைமை ஏற்று, சீமுர்க் என்ற அரசனிடம் போவோம் வாருங்கள் என்கிறது.

உடனே சாக்குகள் வருகின்றன. எனக்கு ரோஜா போதும் என்கிறது புல்புல். நான் தினமும் குளித்துச் சுத்தமாகத்தான் இருக்கிறேன், எனக்கு எதற்குப் பயணம் என்கிறது வாத்து! ராஜாவின் கையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெருமை பேசுகிறது வல்லூறு. ஆந்தைக்குப் பாழடைந்த வீட்டுப் புதையல்மேல் கண். நாம் எந்தப் பறவை என்று வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

அப்புறம் ஏழு பள்ளத்தாக்குகள்: தேடல், காதல், அறிதல், எதையும் சாராமை, ஒருமை, திகைப்பு, கடைசியில் வறுமையும் அழிவும். கிளம்பியவை கணக்கில்லாதவை. போய்ச் சேர்ந்தவை முப்பது. பாரசீகத்தில் 'சீ' என்றால் முப்பது, 'முர்க்' என்றால் பறவை. அந்த முப்பதும் சீமுர்க்கைப் பார்க்கும்போது தங்களையே பார்க்கின்றன.

இந்தச் சிலேடையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குச் சற்று முன்னால் வரும் காட்சியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாசலில் வைத்து அந்தப் பறவைகளிடம் ஓர் ஏட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். யூசுஃபைக் கிணற்றில் போட்டு விற்ற சகோதரர்கள் கையில், அவர்களே எழுதிக் கொடுத்த விற்பனைச் சீட்டு திரும்பி வந்த மாதிரி, பறவைகள் செய்தது அத்தனையும் அதில் எழுதியிருக்கிறது. வெட்கத்தில் அவை கரைந்துபோகின்றன. ஏழு பள்ளத்தாக்கு கடந்தும் போகாத கடைசி அழுக்கு அந்த வெட்கத்தில்தான் போகிறது.

ஷைகு சன்ஆன் கதை மதத்தை இழிவுபடுத்துவது இல்லையா? பெரியவர் ஒருவர் பன்றி மேய்ப்பதா?

அதிர்ச்சி தருவதற்கென்றே எழுதிய கதை அது. அதே பறவைக் காவியத்தின் உள்ளே வருகிறது. மக்காவில் ஐம்பது ஆண்டு இருந்தவர், நானூறு சீடர்கள். ரோம நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண்மேல் காதல் கொள்கிறார். அவள் கேட்டபடி மது குடிக்கிறார், மார்க்கத்தை விடுகிறார், மணக்கொடையாக ஓராண்டு பன்றி மேய்க்கிறார். சீடர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அங்கே இருந்த ஒரு தோழர், கஷ்டத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்ன சீடர்கள் என்று அவர்களைப் பிடி பிடி என்று பிடிக்கிறார். எல்லோரும் திரும்பப் போய் நாற்பது நாள் அழுது பிரார்த்திக்கிறார்கள். தோழர் கனவில் நபிகள் வந்து, ஷைகுக்கும் இறைவனுக்கும் நடுவில் நெடுநாளாக ஒரு தூசி இருந்தது, இப்போது அதை விலக்கிவிட்டேன் என்கிறார். ஷைகு மீள்கிறார். அந்தப் பெண்ணும் மனம் திரும்பி, கொஞ்ச நேரத்தில் உயிர் விடுகிறாள்.

கவனியுங்கள், 'நெடுநாளாக'. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தூசி இருந்தது. ஐம்பது ஆண்டு வணக்கத்தின் அடியில் படிந்திருந்தது. ஒவ்வொருவருக்குள்ளும் நூறு பன்றி உண்டு, பயணம் போகாதவனுக்கு அது தெரியாது என்கிறார் அத்தார்.

ஹாஃபிஸ் பாடும் மது நிஜ மதுவா, உருவகமா?

சண்டை இன்னும் ஓயவில்லை. 'குல்ஷனே ராஸ்' என்றொரு நூல் 1317-ல் தப்ரீஸ் பக்கத்து ஷபிஸ்தரி எழுதியது. ஹெராத்திலிருந்து ஒரு பெரியவர் செய்யுளில் கேள்விகள் அனுப்ப, இவர் செய்யுளிலேயே பதில் சொன்னார் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு அப்போதே நல்ல முன்மாதிரி). கண், உதடு, கூந்தல், மது, மதுக்கடை, சிலை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் உட்பொருள் இருக்கிறது. மதுக்கடை என்றால் தன்னிலிருந்து விடுபடும் இடம் என்பது மாதிரி.

அதை அகராதியாக வைத்துக்கொண்டு ஹாஃபிஸைத் திறந்தால் பாதிதான் சரிவரும். அவர் ஷீராஸ் நகரத்துக்காரர். 1353-ல் அந்த ஊரைப் பிடித்த முபாரிஸுத்தீன் மதுக்கடைகளை மூடினான். ஊரார் அவனுக்கு 'முஹ்தசிப்', அதாவது ஒழுக்கக் காவல் அதிகாரி, என்று கேலிப்பெயர் வைத்தார்கள். 1358-ல் சொந்த மகன்களே அவன் கண்ணைக் குருடாக்கிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இந்தச் சூழலில், மேடையில் ஒன்றும் தனிமையில் வேறொன்றும் செய்யும் உபதேசிகளைப் பற்றி ஹாஃபிஸ் பாடும்போது அது தத்துவமாக மட்டும் இருக்க முடியாது. அவர் மது, போலிப் பக்தியின் சாயத்தைக் கழுவும் திரவம். கோப்பையில் என்ன இருந்தது என்பதை நான் நோண்டுவதில்லை.

துன்பமும் சுத்திகரிப்புதானா?

மஸ்னவியின் மூன்றாம் புத்தகத்தில் ஒரு கொண்டைக்கடலை பேசுகிறது. பானையில் தண்ணீர் கொதிக்க, கடலை மேலே துள்ளித் துள்ளி வந்து, "வாங்கும்போது ஆசையாக வாங்கினாயே, இப்போது ஏன் நெருப்பில் போடுகிறாய்?" என்று கத்துகிறது. வீட்டுக்காரி கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுகிறாள். "வெறுத்துக் கொதிக்கவிடவில்லை. தோட்டத்தில் பச்சையாக நீ தண்ணீர் குடித்ததெல்லாம் இந்த நெருப்புக்காகத்தான். நானும் உன்னை மாதிரி மண்ணில் கிடந்து கொதித்து வந்தவள்தான்" என்கிறாள். கடைசியில் கடலையே, சரி, நன்றாகத் தட்டு என்கிறது.

அடுத்தவர் வலியில் இருக்கும்போது இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். அது தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது.

ஹல்லாஜ் 'அனல் ஹக்' என்றது அகந்தை இல்லையா?

'அனல் ஹக்', அதாவது 'நானே சத்தியம்', என்று சொன்னதாக நினைக்கப்படும் சூஃபி ஹல்லாஜ் 922-ல் பாக்தாதில் கொல்லப்பட்டார். வழக்கில் அரசியலும் கலந்திருந்தது. ரூமி தலைகீழாக வாதிடுகிறார். 'நான் இறைவனின் அடிமை' என்பவர் நான் ஒன்று, இறைவன் ஒன்று என்று இரண்டை நிறுத்துகிறார். ஹல்லாஜோ தன்னை இல்லாமல் ஆக்கிவிட்டுப் பேசினார், அதுதான் பணிவு என்கிறார். 'ஃபனா' (தன்னை அழித்தல்) என்பது இதுதான். ஆனால் எகிப்தின் கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவுனும் 'நானே' என்றுதானே சொன்னான் என்று மஸ்னவியே நினைவூட்டும். சொல் ஒன்றுதான், சொல்பவன் உள்ளே இருக்கிறானா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் மார்க்க அறிஞர்கள் ஏற்றார்களா?

ஏற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. பாக்தாதின் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201) சூஃபிகளின் வழக்கங்களைக் கடுமையாகச் சாடினார். லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்விரி 11-ஆம் நூற்றாண்டிலேயே பாரசீகத்தில் எழுதிய 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' போலிச் சூஃபிகளை உள்ளிருந்தே சாடுகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் ரூமி பொன்மொழிகள் உண்மையானவையா?

பெரும்பாலானவற்றை நம்பாதீர்கள். 'வா, வா, நீ யாராக இருந்தாலும் வா' என்ற புகழ்பெற்ற ருபாயி (நாலடிப் பாட்டு) ரூமிக்கு முன்பிருந்த சூஃபி அபூ சயீத் பேரிலும் வழங்குவது. ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் விற்ற கோல்மன் பார்க்ஸ் பாரசீகம் படிக்கத் தெரியாதவர். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்து மறுவடிவம் செய்தவர். அந்த வரிகள் அழகுதான். ஆனால் குர்ஆனும் நபிமொழியும் அங்கே பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. துரு, டிராகன், வெட்கம் எல்லாம் போய், காதல் மட்டும் மிஞ்சுகிறது.

தமிழில் இதற்கு இணை உண்டா?

உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838), தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து சென்னை இராயபுரத்தில் அடங்கியவர். முகியித்தீன் சதகமும் பாடினார், அகத்தீசர் சதகமும் பாடினார். மனோன்மணிக் கண்ணியில் இறைமையைப் பெண்ணாக்கி ஏங்குகிறார். பாரசீகக் கவிஞர்களின் காதலியும் நம் சித்தர் மரபும் ஒரே கண்ணியில் நடக்கின்றன. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடியிருக்கிறார்.

எங்கிருந்து தொடங்கலாம்? பாரசீகம் தெரிய வேண்டுமா?

வேண்டாம். சஅதியிலிருந்து தொடங்குங்கள், கதைகள் சின்னவை, கிண்டல் உண்டு. அப்புறம் அத்தார். மஸ்னவி ஆறு புத்தகம், ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் ஈரடிகள். வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் இரண்டாம் வாரமே மூடி வைத்துவிடுவீர்கள். கதை கதையாக எடுத்துப் படியுங்கள். பாரசீகமும் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. 'குல்' என்றால் ரோஜா, குலிஸ்தான் என்றால் ரோஜாத் தோட்டம். 'கந்த்' என்றால் சர்க்கரை. பீடாக் கடையில் குல்கந்து கேட்பவர் ஏற்கெனவே இரண்டு சொல் கற்றுவிட்டார்.